போர்ப் படங்களில் நம்ம துறைமுகம் எங்கே?

போன மாசம் ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விவாதம். ஆளுக்கு அஞ்சு போர்ப் படம் சொல்லணும், காரணத்தோட. வழக்கம்போல 'சேவிங் பிரைவேட் ரயன்' வந்தது, 'டன்கிர்க்' வந்தது, '1917' வந்தது. இந்திக்காரப் பையன் ஒருத்தன் 'பார்டர்' என்றான். என் முறை வந்தபோது முதலில் 'பராசக்தி' என்று சொன்னேன். மேஜையே சிரித்தது. "அண்ணா, அது கோர்ட் சீன் படம்ண்ணா. போர் எங்க இருக்கு அதுல?" என்றான் என் டீமில் இருக்கிற தம்பி.

ரயிலில் வீடு திரும்பும்போதும் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். அங்கங்கே தெரு மாறிப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக ராயபுரத்தில் இருக்கிறது. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆயா 1932 வாக்கில் பிறந்தவள், தேதி அவளுக்கே தெரியாது. கப்பல் சங்கு நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். சின்ன வயசில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் ஏதாவது சேட்டை செய்தால், "எம்டன்டா நீ" என்பாள். எம்டன் என்றால் ஏதோ எமனுக்குத் தம்பி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு கப்பலின் பெயர், அந்தக் கப்பல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் குண்டு போட்டது என்பதெல்லாம் காலேஜ் படிக்கும்போதுதான் தெரிந்தது. அதே மாதிரி 'கிளைவ் பேட்டரி' பஸ் ஸ்டாப்பை நான் பேட்டரி கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரி என்றால் பீரங்கி வரிசை. எங்கள் தெருப் பெயர்களிலேயே போர் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மனியின் எம்டன் என்ற சிறிய போர்க்கப்பல், கார்ல் ஃபான் முல்லர் என்ற கேப்டனின் தலைமையில், மெட்ராஸ் துறைமுகத்துக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது. மணி ஒன்பதரைக்கு மேல். ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஹைகோர்ட் கோபுரத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு நாமே வழிகாட்டியிருக்கிறோம்! எம்டன் தன்னுடைய தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றிக்கொண்டன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலிலும் அடி விழுந்தது. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டார்கள், எம்டன் மேல் ஒன்றும் படவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு அது போயேவிட்டது.

ராணுவக் கணக்கில் பார்த்தால் சின்னச் சம்பவம். இறந்தவர்கள் ஒரு கை விரல் எண்ணிக்கை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். வெள்ளைக்காரன் கடலுக்கே ராஜா என்ற பேச்சு அந்த ஒரு ராத்திரியில் உடைந்தது. ஹைகோர்ட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைக் கடந்து தினமும் எத்தனை வக்கீல்கள் போகிறார்கள், எத்தனை பேர் நின்று படிப்பார்கள் என்று தெரியவில்லை. கல்வெட்டைவிட வார்த்தைதான் நன்றாக நிலைத்தது. தமிழில் 'எம்டன்' என்றால் கில்லாடி, அடங்காதவன். மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் பெரியது, பிரம்மாண்டமானது; துல்கர் சல்மான் படத்தின் பெயரில்கூட வந்துவிட்டது. குண்டு போட்டவன் பெயரைச் செல்லப் பெயராக வைத்துக்கொண்ட ஊர் வேறு எங்காவது இருக்குமா?

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் மெட்ராஸுக்கு வழிகாட்டினார் என்று இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. கேட்க உடம்பு சிலிர்க்கும், எனக்கும் ஒரு காலத்தில் சிலிர்த்தது. ஆனால் அவர் அந்த செப்டம்பரில் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார், அடுத்த மாதம் பெர்லினுக்குப் போகிறார். எம்டனோ ஆகஸ்டிலேயே சீனக் கரையிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. செண்பகராமன் பெரிய ஆள்தான்; அதற்கு இந்தக் கப்பல் கதை தேவையில்லை.

சரி, படத்துக்கு வருவோம். எம்டனைப் பற்றிச் சினிமா வந்திருக்கிறதா? நிறையவே. 1926ல் லூயிஸ் ரால்ஃப் என்பவர் ஜெர்மனியில் ஒரு மௌனப்படம் எடுத்தார். 1932ல் அதையே பேசும் படமாக மாற்றி வெளியிட்டார்கள். நடுவில் 1928ல் ஆஸ்திரேலியாவில் கென் ஹால் அந்த ஜெர்மன் படத்தை வாங்கி, ஆஸ்திரேலியக் கடற்படைக் காட்சிகளைத் தனியாக எடுத்து ஒட்டி, தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி ஒரு படம் ஆக்கினார். ஏனென்றால் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் பக்கம் எம்டனை முடித்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். ஒரே காட்சிச் சுருள், ஒரு நாட்டில் வீர மரணம், இன்னொரு நாட்டில் வெற்றி விழா. எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே கோடு, இரண்டு கிளை. 2012ல் ஜெர்மனியில் இன்னொரு படம் வந்தது. அதில் பெரும்பகுதி, கோகோஸ் தீவில் இறக்கிவிடப்பட்ட மாலுமிகள் 'அயேஷா' என்ற பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு, அரேபியா வழியாக நாடு திரும்பிய பயணம். அருமையான சாகசக் கதைதான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் கேமரா கப்பல் மேல் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் மெட்ராஸ் என்பது இருட்டில் எரிகிற சில விளக்குகள், பிறகு ஒரு நெருப்பு. அந்த நெருப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு, தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று கேமராவுக்குத் தெரியாது. என் ஆயாவின் அம்மா அப்போது சிறுமி, அவளும் ஓடியிருக்கிறாள். எனவே போர்ப் படம் பார்க்க உட்கார்ந்தால் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: கேமரா கப்பலில் நிற்கிறதா, கரையில் நிற்கிறதா?

ஆயாவின் முறை 1942ல் வந்தது. அந்த ஏப்ரல் மாதம் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, 9ஆம் தேதி திருகோணமலை. வங்காள விரிகுடாவில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசாங்கமே நம்பியது. அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அறிவிப்பு. 1941 கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சத்து 77 ஆயிரம் பேர் இருந்த ஊர் சில நாட்களில் பாதி காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான்காரன் வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் ராத்திரியில் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

ஆயாவுக்கு அப்போது பத்து வயசு. பஸ்சும் ரயிலும் பணம் இருக்கிறவர்களுக்கு. இவர்கள் பக்கிங்ஹாம் கால்வாயில் வடக்கேயிருந்து சவுக்கு விறகு ஏற்றி வந்து, வெறுமனே திரும்புகிற படகில் ஏறிப் பழவேற்காடு பக்கம் போனார்கள். "வீட்ட பூட்டுறதுக்குப் பூட்டு கெடையாதுடா. கயித்தால கட்டிட்டுப் போனோம்" என்பாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் கயிறு அப்படியே இருந்தது, உள்ளே இருந்த பாத்திரம் இல்லை. அந்த அண்டாவைப் பற்றி அவள் சாகும்வரை பேசினாள். ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை, அண்டாவை எடுத்தவனைத்தான் திட்டினாள். போர் என்றால் அவளுக்கு அதுதான்: கட்டின கயிறு, காணாமல் போன அண்டா.

அந்தச் சமயத்தில் தமிழ் சினிமா என்ன செய்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஃபிலிம் இறக்குமதி குறைந்ததால், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. நிமிடத்துக்கு 90 அடி என்று வகுத்துப் பாருங்கள், சுமார் இரண்டு மணி நேரம். அதுவரை பாட்டுக்குப் பாட்டு வைத்து 18,000 அடி ஓட்டியவர்களுக்கு இது பெரிய அடி. ஏ.வி. மெய்யப்பன் ஸ்டுடியோவையே காரைக்குடிக்குக் கொண்டுபோனார். போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்று அரசாங்கத்தின் நெருக்குதல் வேறு. அப்படி வந்தவைதான் 1945ன் 'மானசம்ரட்சணம்', 'பர்மா ராணி', 'கண்ணம்மா என் காதலி' எல்லாம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் 'தியாக பூமி' எடுத்துத் தடை வாங்கிய அதே கே. சுப்ரமணியம், ஜப்பான் உளவாளிகளைப் பிடிக்கிற 'மானசம்ரட்சணம்' எடுக்க வேண்டியிருந்தது. 'பர்மா ராணி'யில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தானே இயக்கி, ஜப்பான் அதிகாரியாகத் தானே நடிக்கவும் செய்தார். இந்தக் காலத்தைத் தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார், தேடிப் படிக்கலாம். படமாக இவற்றைப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மேலிடத்து உத்தரவுக்கு எடுத்த படத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் உளவாளிதான் காரணம். கயிற்றால் கதவைக் கட்டிவிட்டுப் போனவர்கள் அதில் இல்லை.

அவர்களைக் காட்ட ஏழு வருஷம் கழித்து ஒரு படம் வந்தது. அதுதான் 'பராசக்தி'.

1952 தீபாவளிக்கு வந்த படம். கோர்ட் வசனமும் கோயில் காட்சியும் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் கதையின் முடிச்சு எங்கே விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று அண்ணன்மார் ரங்கூனில். ஒரே தங்கை மதுரையில், கல்யாணம். போர் நேரம் என்பதால் கப்பலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட் கிடைக்கிறது. குணசேகரன் மட்டும் கிளம்புகிறான். கப்பல் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கல்யாணம் அண்ணன்கள் இல்லாமலே நடக்கிறது. பிறகு ரங்கூனில் குண்டு விழுந்து மற்ற இரண்டு அண்ணன்களும் கால்நடையாகக் கிளம்புகிறார்கள். வழியில் ஞானசேகரன் ஒரு காலை இழந்து, இங்கே வந்து பிச்சைக்காரர்களுக்குச் சங்கம் கட்டுகிறான். மெட்ராஸில் இறங்கிய குணசேகரன் ஏமாந்து நடுத்தெருவில் நிற்கிறான். தங்கை கைம்பெண்ணாகிக் கைக்குழந்தையோடு இட்லி விற்கிறாள். குடும்பத்தை உடைத்தது எது? வில்லன்கள் எல்லாம் அப்புறம்தான் வருகிறார்கள். உடைத்தது போர். துப்பாக்கி ஏந்திய ஒரு சிப்பாய்கூட முக்கியப் பாத்திரமாக இல்லாத போர்ப் படம் இது.

இந்தப் படத்தை 1952ல் பார்த்தவர்களுக்கு பர்மா நடை என்பது புராணம் இல்லை, பத்து வருஷம் முந்தின செய்தி. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. அங்கிருந்த துறைமுகக் கூலிகள், வண்டிக்காரர்கள், குமாஸ்தாக்கள், செட்டியார் கடை ஆட்கள் என்று, அடுத்த சில மாதங்களில் நாலைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் பல ஆயிரம். நல்ல பாதை, உதவி முகாம் எல்லாம் முதலில் வெள்ளைக்காரர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. தப்பிப் பிழைத்து வந்தவர்கள் பலர் இறங்கிய இடம் நம்ம மெட்ராஸ். 1960களில் பர்மா அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது இன்னொரு அலை. அவர்களுக்காகத்தான் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுடைய குடியிருப்புகள். பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? வெங்காயமும் புளித்தண்ணியும் பூண்டும் போட்டுப் பிசைந்து தருகிற அந்த நூடுல்ஸ், ஒரு போரின் மிச்சம்தான். கூடவே வாழைத்தண்டு சூப் வாங்கினீர்களானால் இன்னும் நல்லது.

இதே போர், இதே தமிழர்கள். இன்னொரு படம் அவர்களை என்ன செய்தது என்று பார்க்கலாம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்', டேவிட் லீன் இயக்கி 1957ல் வந்தது. ஏழு ஆஸ்கர். உலகின் சிறந்த போர்ப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இருக்கும். மினர்வா மாதிரியான தியேட்டர்களில் எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வீடு வந்தார்கள். எனக்கும் பிடித்த படம்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுக்கிற ஒரு பொறியாளர் மனசு எப்படி வேலை செய்கிறது, எதற்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து நன்றாகக் கட்டவேண்டும் என்ற வெறி எப்படி வருகிறது என்று அந்தப் படம் காட்டுவது போல வேறு எதுவும் காட்டவில்லை. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் கர்னல் நிக்கல்சனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டெட்லைன் வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் நிக்கல்சன்தான்.

ஆனால் உண்மையான சயாம் - பர்மா ரயில் பாதையை யார் போட்டார்கள்? 1942 - 43ல், சுமார் 415 கிலோமீட்டர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து, அதில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போல மூன்று மடங்கு. இறந்தவர்கள் குறைந்த கணக்கிலேயே பல பத்தாயிரம், 90,000 வரை சொல்கிறார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், இவர்களோடு மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றப்பட்ட தமிழர்கள். கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள், படை ஒழுங்கு இருந்தது, இறந்தவன் பெயரை எழுதி வைக்க ஒருவன் இருந்தான். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பெயர். தோட்டத் தமிழனுக்கு டாக்டரும் இல்லை, பட்டியலும் இல்லை. காலரா வந்தால் மொத்த முகாமும் போனது. கணக்கே 'சுமார்' என்று சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

லீனின் படத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளியும் எனக்குத் தென்பட்டதில்லை. அந்தப் படம் எடுக்கப்பட்டது எங்கே தெரியுமா? இலங்கையில், களனி ஆற்றங்கரையில், கித்துல்கலவில். தோட்டத் தமிழர்கள் வேலை செய்கிற மலைகளுக்குப் பக்கத்திலேயே நின்று, தோட்டத் தமிழர்கள் செத்த கதையை அவர்கள் இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். படத்தைப் பார்த்தவர்கள் அதையும் படிக்கவேண்டும். படம் மோசம் என்று தூக்கிப்போடச் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற மீதி 400 கிலோமீட்டரை யார் போட்டது என்று ஒரு கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். படம் இன்னும் நன்றாக இருக்கும், இன்னும் கசக்கும்.

இதையெல்லாம் சொன்னபோது ஆபீஸ் தம்பி மடக்கினான். "அப்ப கேமரா கரையில இருந்தாதான் நல்ல படமாண்ணா? 'தாஸ் பூட்' உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே, அது ஃபுல்லா கப்பலுக்குள்ளதானே?" நல்ல கேள்வி. வொல்ஃப்காங் பீட்டர்சனின் 1981 படம், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கதை. கேமரா கிட்டத்தட்ட வெளியே வருவதே இல்லை. என் கப்பல் - கரை விதி அங்கே அடிபடுகிறது.

யோசித்துப் பார்த்ததில், எனக்கு அந்தப் படம் பிடிப்பது அதில் போர் ஒரு ஷிஃப்ட் வேலையாக இருப்பதால். எண்ணெய், வேர்வை, ஈர ரொட்டியில் பூஞ்சை, ஒரே படுக்கையில் மாற்றி மாற்றித் தூங்குவது, டீசல் என்ஜினோடு குடும்பம் நடத்துகிற யோஹான். எங்கள் பக்கம் மணலியிலும் எண்ணூரிலும் பாய்லர் பக்கம் நின்றவர்கள் யாரும் யோஹானை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அவன் ஒரு கட்டத்தில் உடைந்துபோகிறான், பிறகு அவனே தண்ணீருக்குள் இறங்கி ஓட்டையை அடைக்கிறான். வீரம் என்று யாரும் பேசுவதில்லை, ரிப்பேர் பற்றித்தான் பேசுகிறார்கள். முடிவில் எல்லா ஆபத்தையும் தாண்டி வந்து, சொந்தத் துறைமுகத்தில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் விமானக் குண்டில் சாகிறார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துக் கேமரா கரைக்கு வருகிறது, வந்த உடனே கரை எரிகிறது. விதியைத் திருத்திக்கொள்கிறேன்: கேமரா எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், வேலை செய்கிறவனின் கை தெரிந்தால் போதும்.

கரையிலேயே நிற்கிற படம் வேண்டுமானால் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', இசாவோ தகஹாதாவின் 1988 அனிமேஷன். கோபே நகரம், ராயபுரம் மாதிரியே துறைமுகமும் தொழிற்சாலையும் உள்ள ஊர். 1945ல் அமெரிக்கத் தீக்குண்டுகளில் ஊர் எரிகிறது, அம்மா போய்விடுகிறாள், அண்ணனும் குட்டித் தங்கையும் உறவுக்காரப் பெண்மணி வீட்டில் ஒண்டுகிறார்கள். அவள் கெட்டவள் இல்லை. அரிசி குறைந்ததும் கரண்டி சுருங்குகிறது, பேச்சு மாறுகிறது. அந்த வீட்டுச் சாப்பாட்டுக் காட்சிகள்தான் படத்திலேயே பயங்கரமானவை. இதை ஆயா இருக்கும்போது ஒருநாள் லேப்டாப்பில் போட்டேன். பாஷை புரியாது, சப்டைட்டில் படிக்கவும் தெரியாது. பாதியில் எழுந்துபோய், "அந்தப் பொண்ணுக்கு எதுனா சாப்புட குடுக்கச் சொல்லுடா" என்றாள். அவர்கள் ஜப்பான்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மற்ற தமிழ்ப் படங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1963ன் 'இரத்தத் திலகம்' சீனப் போர் சூட்டோடு வந்தது. சிவாஜியும் சாவித்திரியும் இருக்கிறார்கள், கண்ணதாசன் ஒரு பாட்டில் தலைகாட்டுகிறார், போர் பின்னணித் திரை மாதிரிதான் இருக்கிறது. 'பேராண்மை' சோவியத் படமான 'தி டான்ஸ் ஹியர் ஆர் கொயட்'டிலிருந்து வந்தது. ஜனநாதன் அதில் யாரைத் தலைவனாக வைத்தார் என்பதில்தான் அதன் அரசியல், அதற்காகவே பார்க்கலாம். மூலப்படத்தை அதற்கு முன்னாலோ பின்னாலோ கட்டாயம் பாருங்கள்.

2017ன் 'காஸி' பற்றி ஒரு தகவல் மட்டும். 1971ல் பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி தேடிவந்தது விக்ராந்த் கப்பலை. அந்த நவம்பரில் விக்ராந்த் மெட்ராஸில் இருந்தது, பிறகு சத்தமில்லாமல் அந்தமானுக்கு அனுப்பப்பட்டது. விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோலக் காட்ட, கப்பலுக்கென்று பெரிய அளவில் ரேஷன் ஆர்டர் கொடுத்து வதந்தி கிளப்பியதாக, கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த நாகர்கோவில்காரர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். டிசம்பர் 3 - 4 இரவு காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளுக்கும் இன்றும் சண்டை. படம் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு நீர்மூழ்கிச் சண்டையைக் கற்பனை செய்துகொண்டது. எனக்குத் தோன்றியது: கறிகாய் சப்ளை செய்கிற காண்டிராக்டரை வைத்து எதிரியை ஏமாற்றிய கதை அதைவிடப் பெரிய படம் இல்லையா?

கடைசியாக 2019ன் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு'. அதியன் ஆதிரை இயக்கியது. கடலில் ஒதுங்கிய பழைய குண்டு ஒன்று கைமாறிக் கைமாறிக் காயலான் கடைக்குப் போகிறது, லாரி டிரைவர் தினேஷ் தெரியாமலே அதை ஏற்றிக்கொண்டு அலைகிறார். காதல் பகுதி இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரும்பு பிரிக்கிற அந்தத் தொழிலாளர்களின் கை, முதலாளி எடைக்குப் பேசுகிற பேச்சு, இன்சூரன்ஸ் இல்லாத லாரி, இதெல்லாம் எங்கள் பக்கத்து வாழ்க்கை. படக் கற்பனை என்று நினைக்கவேண்டாம். 2004ல் காசியாபாத் பக்கம் ஒரு உருக்காலையில், இறக்குமதியான ஸ்கிராப்பில் இருந்த உயிருள்ள குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் துறைமுகங்களில் ஸ்கிராப் சோதனை கடுமையானது. எங்கள் தெருவிலேயே அப்போது ஸ்கிராப் லோடு இறக்குகிற வேலைக்குப் போனவர் ஒருவர் இருந்தார். ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பப் போனார். வேறு யாருடைய போரிலோ மிச்சமான இரும்பு அது.

போன வாரம் தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான், 'பராசக்தி' போட்டுப் பார்த்தானாம், கோர்ட் சீன் வரைக்கும் போகவில்லையாம். "அண்ணா, அந்தக் கப்பல்ல இருந்து அவர் எறங்குறது நம்ம ஹார்பரா?"

ஆமாம்டா என்றேன். ஞாயிற்றுக்கிழமை அத்தோ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.